அன்னப் படகும் சைத்தூன் தேக்சாவும்

அன்றைக்குக் காலையில் பேகம்பூர் தெருவில் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் தாமதமாகத்தான் போனார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. முனீர் வீட்டு வாசலில் நின்ற வண்டி அப்படி. முன்னால் ஒரு வெள்ளை பிக்கப். அதன் முதுகில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே, கொக்கி போட்டு உட்கார வைத்த நீளமான சமையல் வண்டி. சமையல் வண்டியின் வாலில் இன்னொரு கொக்கி, அந்தக் கொக்கியில் ஒரு டிராலி. டிராலி மேலே கழுத்தை வளைத்துக்கொண்டு ஓர் அன்னம்! காலால் மிதிக்கிற படகுதான், ஆனாலும் அன்னம் அன்னம்தானே.

சைத்தூன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த அன்னத்தை முறைத்தாள்.

"ஏங்க, எனக்கு வாச்சதே ஒரு விருந்து. அதுக்குப் போற வண்டியில இந்த வாத்தையும் கட்டி இழுக்கணுமா?"

"வாத்து இல்ல புள்ள, அன்னம்," என்றான் முனீர், கொக்கியை ஆட்டிப் பார்த்தபடி. "சவுதியில என் அரபிக்காரன் இப்பிடித்தான். முன்னால வண்டி, நடுவுல வீடு, பின்னால படகு. மூணையும் சேத்து நான் கடலுக்கு ஓட்டிட்டுப் போவேன். நம்மூர் ரோடெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"

"அதுல ரிவர்ஸ் எடுப்பீங்களா?"

முனீர் கொக்கியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு கொக்கி போட்டா ரிவர்ஸ் வராது. முன்னால போக வேண்டியதுதான். எதுக்குப் பின்னால வரணுங்கறேன்?"

ஆண்களின் வீரம் பெரும்பாலும் இந்த ரகம்தான். நாம் கதைக்கு வருவோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹக்கீம் பாய் பிரியாணிக் கடை தெரியாதவர் திண்டுக்கல்லில் கிடையாது. அந்தக் கடையின் மசாலாக் கை யாருடையது என்று தெரிந்தவர்தான் யாரும் கிடையாது. அப்துல் ஹக்கீமின் தங்கை சைத்தூன், கல்யாணம் ஆவதற்கு முன்னாலும் சரி, முனீர் சவுதியில் இருந்த காலத்திலும் சரி, கடையின் பின்கட்டில் நின்று ஆக்கிப் போட்ட ருசி அது. பேர் அண்ணனுக்கு. அவளுக்கு ஊரில் இருந்த ஒரே பேர் 'ஹக்கீம் பாய் தங்கச்சி'. ரேஷன் கடையிலிருந்து டெய்லர் கடை வரைக்கும் அதுதான். சில பேருக்கு அவளுடைய சொந்தப் பேரே தெரியாது.

முனீர் ஊருக்குத் திரும்பி வந்து, சவுதியில் பார்த்த மாதிரியே ஒரு சமையல் வண்டியைக் கட்டி நிறுத்தியபோதுதான் சைத்தூனுக்கு நெஞ்சில் அந்த ஆசை வந்து உட்கார்ந்தது. தனியாக ஆக்கணும். தன் பேரில் ஆக்கணும். அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"சைத்தூனு, கடைக்குள்ள நின்னு ஆக்குறது வேற, ஊருக்கு முன்னால ஆக்குறது வேற. மழை வரும், கேஸ் தீரும், ஆள் கூடும். ஒரே விருந்துல தெரிஞ்சு போயிரும்."

இவளுக்கா வாய் சும்மா இருக்கும்? கடை ஆட்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்: "அந்த ஒரு விருந்து சொதப்புச்சுன்னா, கொக்கியக் கழட்டிப் போட்டுட்டு உங்க பின்கட்டுக்கே வந்திர்றேண்ணே. அப்புறம் செத்தாலும் தனிக்கடைன்னு வாயத் திறக்க மாட்டேன்."

சொன்ன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம். வண்டி நெற்றியில் பேர்ப்பலகை கூட வெறும் பலகையாகவே இருந்தது. "மொத விருந்து முடியட்டும், அப்புறம் எழுதலாம்," என்று பெயிண்டர் ஸ்டான்லியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த முதல் விருந்து குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஆலம்பாறைப்பட்டியில். வானம் பார்த்த பூமி. அங்கே குளம் என்றால் மாடு மேய்கிற இடம் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் குளம் இந்த வருஷம் நிரம்பி மறுகால் பாய்ந்துவிட்டது. ஊர் ஜனத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர்ப் பெரியதனம் பெருமாள்சாமி ஒரு சபதமே போட்டார்: குளம் நிரம்பின சந்தோஷத்துக்கு ஊருக்கே பிரியாணி விருந்து, பிள்ளைகளுக்குப் படகுச் சவாரி! மூடிப்போன ஏதோ ஒரு பூங்காவிலிருந்து பழைய அன்னப் படகு ஒன்றைப் பிடித்து, வர்ணம் அடிக்க ஸ்டான்லியிடம் விட்டிருந்தார். பிரியாணி வண்டியும் படகும் ஒரே ஊருக்குப் போகின்றன என்று தெரிந்ததும் முனீருக்குள் இருந்த சவுதி டிரைவர் துள்ளி எழுந்துவிட்டான். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த இரண்டாவது கொக்கி.

இங்கே ஸ்டான்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மற்றது புரியாது. அவர் சர்ச் திருவிழாச் சப்பரத்துக்கு வர்ணம் அடிப்பார், கோயில் வாகனங்களுக்கும் அடிப்பார். படகுக்கு அடித்ததே கிடையாது. "அன்னம்னு சொன்னீங்க. எனக்கு அன்னம்னா இப்பிடித்தான் வரும்," என்று சொல்லி, கழுத்தில் தங்க ஆரம், நெற்றியில் சுட்டி, செக்கச் செவேலென்ற மூக்கு, காதுவரை நீண்ட மையிட்ட கண் என்று ஜோடித்து அனுப்பிவிட்டார். உள்ளே இருக்கிற இருக்கையும் மிதியும் தெரியாதபடி மஞ்சள் தார்ப்பாயால் போர்த்தியிருந்தது. தலையும் கழுத்தும் மட்டும் வெளியே.

வண்டி புறப்பட்டு எரியோடு ஊர் வரை ஒன்றும் இல்லை. தாண்டின பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் எதிரே வந்த ஒரு டி.வி.எஸ். காரர் வண்டியை ஓரம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இவரு யாரக் கும்புடுறாரு?" என்றாள் சைத்தூன்.

"என்னையத்தான். ஓட்டுற அழகப் பாத்து," என்றான் முனீர்.

அடுத்த ஊர் முக்கில் விஷயம் விளங்கிவிட்டது. நாலைந்து பெண்கள் குடத்தோடு ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார்கள். சாமி வாகனம் ஊரைத் தாண்டிப் போகும்போது தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எப்படி? ஒருத்தி சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். ஒருத்தி தேங்காய் உடைத்தாள். ஒரு பையன் டிராலியில் ஏறி, விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த செவ்வந்தி மாலையைக் கொண்டுபோய் அன்னத்தின் கழுத்தில் போட்டே விட்டான். ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றவள் கண்ணம்மாள் என்கிற கனத்த அம்மா. கையில் ரப்பர் வளையல், குரல் மைக் செட்.

சைத்தூனுக்கு வேர்த்துவிட்டது. சும்மா இருந்துவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். கதவைத் திறந்து இறங்கி ஓடினாள்.

"அம்மா, அம்மா! இது சாமி இல்லம்மா. படகு. ஆலம்பாறைப்பட்டிக் குளத்துல விடுறதுக்குக் கொண்டுட்டுப் போறோம். நாங்க பாய்மாரும்மா. அந்த வண்டி பிரியாணி வண்டி. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

கண்ணம்மாள் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தட்டை மறுபடியும் எடுத்தாள்.

"ஏத்தா, நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இம்புட்டு வருசமாச்சு. இந்தப் பக்கம் படகு போற அளவுக்குத் தண்ணி வந்துருக்குன்னா அது சாமி இல்லாம வேற என்ன? நீ பாயம்மான்னா என்ன, சாயம்மான்னா என்ன, நில்லு அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டுச் சைத்தூனையும் சேர்த்து நிறுத்திச் சுற்றிவிட்டாள். முனீர் டிரைவர் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். சைத்தூனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து கூடவே வந்த பயம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

"போறதுதான் போறீங்க, பாத்துப் போங்க," என்றாள் கண்ணம்மாள். "மறுகால் தண்ணி ரோட்டு மேல ஏறிருச்சுன்னு சொல்றாக."

"எல்லாம் பாத்துக்கலாம்மா," என்றான் முனீர். பின்னே? முன்னால் போவதைத் தவிர அவனுக்கு வேறு வழி?

ஆலம்பாறைப்பட்டிக்கு முன்னால் ஒரு தரைப்பாலம் உண்டு. உண்டு என்று சொல்வது நம் மரியாதைக்கு. அன்றைக்கு அந்த இடத்தில் பாலம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நின்ற வெள்ளைக் கல்லின் தலை மட்டும் தெரிந்தது. நடுவில் செம்மண் தண்ணீர் மடமடவென்று ஓடியது. முனீர் பிரேக்கைப் போட்டான். அடுத்தடுத்து மூன்று வண்டியும் நின்றன.

அக்கரையில் பெருமாள்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். போனில் கூப்பிட்டார்.

"பாய், இறங்கிராதீங்க! காலையில முழங்காலுக்குத்தான் இருந்துச்சு, இப்ப இடுப்புக்கு வந்துருச்சு. பாளையம் ஊர் வழியாச் சுத்தி வாங்க!"

சுற்றி வருவதற்கு வண்டியைத் திருப்ப வேண்டும். ரோடு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் சரிவு. கொக்கியைக் கழற்றி ஒவ்வொன்றாகத் திருப்பலாம் என்றால், அதற்கே பொழுது போய்விடும், அப்புறம் பாளையம் போய் எப்போது வந்து எப்போது உலை வைப்பது? ஊரே பசியோடு உட்கார்ந்திருக்கிறது. சைத்தூன் சமையல் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். விடியலில் தாளித்து இறக்கிய கறிக் குழம்பு உள்ளே மூடிக் கிடந்தது. ஊறவைத்த சீரகச் சம்பா அரிசி தயாராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன். ஊருக்குள் செய்திக்கு என்ன கால் முளைக்கிறதோ!

"பாலம் முங்கிருச்சாம்ல? கேள்விப்பட்டேன்," என்றார் அப்துல் ஹக்கீம். குரலில் கேலி இல்லை, அக்கறைதான். அது இன்னும் கஷ்டம். "நீ வெசனப்படாத. இங்க பெரிய தேக்சா நெறைய பிரியாணி தயாரா இருக்கு. பாளையம் வழியா என் ஆளுக கொண்டு போய் எறக்கிருவாங்க. விருந்து நின்னா ஊருக்குத்தான் அவமானம். நீ வீட்டுக்கு வந்திரு தாயி."

தாயி என்றார். சைத்தூனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் சாப்பிட்டுவிடும், யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். நாளையிலிருந்து மறுபடியும் பின்கட்டு. ஹக்கீம் பாய் தங்கச்சி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே அன்னம். கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, மையிட்ட கண்ணால் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்னத்துக்கு இடது பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே, மறுகால் ஓட்டத்துக்கு வெகு தூரம் தள்ளி, குளத்தின் மேல்பக்கம் அசையாமல் விரிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆலமரம், ஊர்ப் படித்துறை, பந்தல்.

"அண்ணே," என்றாள், "வேண்டாண்ணே. நான் இங்கயே தம் போடுறேன்."

"அங்க போட்டு? தண்ணியில நடந்தா போவ?"

"மிதிச்சுப் போவேன்." போனை வைத்துவிட்டாள். "என்னங்க, அடுப்பப் பத்த வைங்க!"

முனீர் அவளைப் பார்த்தான், அன்னத்தைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான். பாலைவனத்தில் புயலுக்குள் ஓட்டினவன், தண்ணீர் என்றால் வாளியைத் தாண்டிப் பழக்கம் இல்லாதவன்.

"புள்ள... படகெல்லாம் நான் இழுத்துத்தான் பழக்கம். ஏறிப் பழக்கமில்ல."

"ஏறிப் பழகிக்கங்க."

சமையல் வண்டியின் பக்கக் கதவு மேலே எழும்பியது. ரோட்டோரமே கடையாகிவிட்டது. குழம்பு கொதித்தது, அரிசி விழுந்தது, சைத்தூன் முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டி போட்டாள். அண்ணன் கடையில் எத்தனையோ பெரிய நாள் பார்த்தவள்தான். ஆனால் மேலே ஆகாயமும் பக்கத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஆக்கியது இதுதான் முதல் தடவை. உப்புப் பார்த்தாள். கை தன்னால் சரியாகப் போய் நின்றது. மூடியை மாவால் ஒட்டி, மேலே கங்கு போட்டுத் தம் வைத்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் முதல் தேக்சாவை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

படகை யார் இறக்குவது? அந்தக் கவலைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. 'சாமி'யைத் தண்ணீரில் விடுவதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று கண்ணம்மாள் தன் ஊரையே கிளப்பிக்கொண்டு, குட்டியானை வேனிலும் பைக்கிலுமாகப் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். அன்னம் டிராலியிலிருந்து எழும்பி, தோள் மேலேயே சரிவில் இறங்கி, குளத்தில் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மிதந்தது. கண்ணம்மாள் போட்ட குலவை அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

படகோடு வந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையை இருவரும் மாட்டிக்கொண்டார்கள். பின்னிருக்கையில் முதல் தேக்சா ஏறியது. அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். முன்னால் இடது மிதியில் சைத்தூன், வலது மிதியில் முனீர். முனீர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தான்.

"தண்ணி வழியிற கலிங்குப் பக்கம் வந்துராதீங்க!" பெருமாள்சாமி அதற்குள் படித்துறைக்கு ஓடி வந்து கத்தினார். "ஆலமரத்தப் பாத்து மிதிங்க! வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும்னு சொல்லுவாங்க. இங்க பிரியாணியே ஏறிருச்சே!"

மிதித்தார்கள். முதலில் அன்னம் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. ஒருத்தர் மிதித்து ஒருத்தர் ஓதினால் அப்படித்தான்.

"கண்ணத் தொறந்து மிதிங்க! பிரியாணி ஆறுது!"

பிரியாணி ஆறுகிறது என்றதும் மனுஷனுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. அன்னம் நேராகப் போக ஆரம்பித்தது. காற்று முன்னாலிருந்து அடித்தது. பின்னால் தேக்சாவின் விளிம்பில் மாவு ஒட்டிய இடத்தில் லேசாக ஆவி கசிந்து, நெய்யும் புதினாவுமாகக் குளம் முழுக்கப் பரவியது. சைத்தூன் மிதித்துக்கொண்டே சிரித்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள். சின்ன வயதில் கூட இப்படி ஒரு சவாரி அவளுக்கு வாய்த்ததில்லை. படித்துறையில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நடுக்குளத்தில் முனீரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றான்.

வேகத்தில் படித்துறையைத் தாண்டியே போய்விட்டார்கள். "பின்னால மிதிங்க, பின்னால!" என்று ஊரே கத்தியது. பின்னால் மிதித்தார்கள். அன்னம் அழகாகப் பின்னால் வந்து படியில் ஒட்டி நின்றது.

"பாத்தியா புள்ள," என்றான் முனீர் மூச்சு வாங்க, "ரிவர்ஸ் எடுத்துட்டேன்!"

மூடியைத் திறந்தபோது அந்தப் படித்துறையில் எழும்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நம்மால் ஆகாது. முதல் இலை பெருமாள்சாமிக்கு. ஒரு வாய் போட்டார். இரண்டாவது வாய் போட்டார். அப்புறம் மைக்கைக் கையில் வாங்கி, "யம்மா, உன் பேரு என்னம்மா?" என்றார்.

"சைத்தூன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! இது சைத்தூன் பிரியாணி! இன்னும் தேக்சா அக்கரையில இருக்கு, யாரும் அடிச்சுக்கிடாதீங்க!"

அதற்குப் பிறகு ஊர் இளவட்டங்கள் மிதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்னம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தேக்சாவுக்கும் தம் பார்த்து அனுப்ப சைத்தூனும் கூடவே போய் வந்தாள். கண்ணம்மாள் ஊர்க்காரர்களுக்கு ரோட்டோரத்திலேயே இலை போட்டாயிற்று. கடைசித் தேக்சாவை ஏற்றுகிற நேரத்தில் தெரிந்த கார் ஒன்று வந்து நின்றது.

அப்துல் ஹக்கீம் இறங்கினார். காருக்குப் பின்னால் மூடியோடு ஒரு தேக்சா இருந்தது. தங்கை என்ன சொன்னாலும் ஒன்றைக் கையில் வைத்திருப்போம் என்று மனசு கேட்காமல் கொண்டு வந்துவிட்டார் போல. ரோட்டில் நின்று மூன்று வண்டியையும் பார்த்தார். இலையை வழித்துக்கொண்டிருந்த ஜனத்தைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார்.

"இதுலயா அனுப்புன?"

"ஆமாண்ணே. ஏறுங்க, கடைசி நடை. நான் மிதிக்கிறேன்."

"எனக்குத் தண்ணி ஆகாதும்மா."

"உங்க மாப்பிள்ளைக்கும்தான் ஆகாது. ஏறுங்க."

ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தேக்சாவைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தார். பாதிக் குளம் தாண்டினபோது மூடி ஓரத்தில் மூக்கை வைத்து இழுத்தார். கண் தானாகத் திறந்தது.

"பட்டை கொஞ்சம் கொறச்சிருக்க," என்றார்.

"ஆமாண்ணே. என் கணக்கு அதுதான். உங்க கடைக்குத்தான் கூடப் போடுவேன்."

அவர் மறுபடியும் மூக்கை வைத்து இழுத்தார். படித்துறைக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடி வந்து, "சைத்தூனக்கா வந்தாச்சு! சைத்தூனக்கா வந்தாச்சு!" என்று படகைப் பிடித்து நிறுத்தினார்கள். தேக்சாவை இறக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உள்ளே உட்கார்ந்திருந்த பெரிய மனுஷரைப் பெருமாள்சாமி அப்போதுதான் கவனித்தார். கை நீட்டி இறக்கிவிட்டார்.

"வாங்க பாய், வாங்க. நீங்க யாருன்னு தெரியலையே?"

திண்டுக்கல்லில் யாரும் கேட்டிராத கேள்வி. சைத்தூன் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அப்துல் ஹக்கீம் தொப்பியைச் சரி செய்துகொண்டார். ஆலமரத்தடியில் குந்தியிருந்த ஊரைப் பார்த்தார், கை கழுவ மனமில்லாமல் விரலை நக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைக்கவில்லை.

"நானுங்களா?" என்றார். "சைத்தூனோட அண்ணன்."